ஜெயித்தவரைக் குற்றவாளி ஆக்காமல் டெக்கன் போட்டி நடத்துவது எப்படி

பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் வீடியோ கேம் கடையில் நானும் நண்பர்கள் இரண்டு பேரும் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை டெக்கன் (Tekken, இருவர் மோதும் சண்டை வீடியோ கேம்) போட்டி நடத்துகிறோம். இரண்டு கேபினெட் (ஸ்டிக், பட்டன், திரை எல்லாம் சேர்ந்த பெட்டி), 20லிருந்து 25 பேர், நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம்ம ஆட்கள். மர்பி டவுன், லிங்கராஜபுரம், நீலசந்திரா, ஸ்ரீராம்புரம் பக்கத்துப் பையன்கள், அப்புறம் காலை ரயில் பிடித்து கோலார் தங்கவயலில் இருந்து வருகிறவர்கள்.

சமீபத்தில் வேறு ஏரியாவில் கடை வைத்திருக்கும் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "புதுசா ஆடுறவங்களுக்குத் தனியா ஒரு போட்டி வைக்கலாம்னு பார்க்குறோம், ஆனா யாரைப் புதுசுன்னு சொல்றது?" எல்லாச் சண்டையும் அந்த இடத்தில்தான் கிளம்புகிறது, அதனால் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை மொத்தமாக எழுதிவிடுகிறேன். டெக்கனை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ், ஏன், பம்ப் இட் அப் மாதிரி டான்ஸ் மெஷினுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எங்கள் கடையில் நடந்தது

ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிறு. கேபினெட் பக்கவாட்டில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரவில்லை. நோட்டீஸில் "புதியவர்களுக்கான போட்டி" என்று போட்டிருந்தோம், படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான்: இதற்கு முன் ஏதாவது போட்டியில் கலந்துகொண்டிருக்கிறீர்களா? தங்கவயலில் இருந்து வந்த ஒரு பையன், 17 வயது இருக்கும், "இல்லை" என்று எழுதினான். அது உண்மைதான். ஆனால் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் ஆறு வருடமாகத் தினமும் ஆடி வளர்ந்தவன் அவன். அதை நாங்கள் கேட்கவே இல்லை.

முதல் ஆட்டத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புதிதாக ஆடுகிறவர் கை பட்டன் மேல் குதிக்கும், மணிக்கட்டு, தோள் எல்லாம் சேர்ந்து ஆடும். இவனுக்கு உடம்பு அசையவே இல்லை. இடது கையில் இரண்டு விரல் மட்டும் ஜாய்ஸ்டிக்கின் கழுத்தில் இருந்தது, எதிராளி ஒரு பெரிய உதை விட்டு அது தடுக்கப்பட்டு கால் தரைக்குத் திரும்பும் அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு தடவையும் அதே பதிலடி, கொஞ்சமும் பிசகாமல் விழுந்தது. ஒரு ஆட்டம்கூட விடாமல் முதல் பரிசை ஜெயித்தான்.

கூட்டம் கொதித்துவிட்டது. "குரு, இவன் எப்படிப் புது ஆளு? ஏமாத்துறான், பரிசைக் கொடுக்காதே." நானும் பேசி முடிவு செய்யலாம் என்று பரிசை நிறுத்தி வைத்தேன். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தான், தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டே இருந்தது. "அண்ணா, நான் பொய் எழுதலையே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னான். 40 நிமிடம் கழித்துதான் கவரை அவன் கையில் கொடுத்தேன். அந்த 40 நிமிடம் நான் செய்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்குத் தோற்றவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று மாதமாக ஆடுகிற ஒரு தம்பி 100 ரூபாய் கட்டி, இரண்டு மணி நேரம் காத்திருந்து, நான்கு நிமிடத்தில் வெளியே போனான். ஆக, அவனுக்கும் நியாயம் வேண்டும், ஜெயித்தவனுக்கும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டுமானால் வேலை முழுக்கப் போட்டிக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். விதியில் எழுதாத ஒன்றுக்காக ஆளைத் தண்டிக்காதீர்கள். விதியில் ஓட்டை இருந்தால் அடுத்த போட்டிக்கு அடைத்துக்கொள்ளலாம், இந்தப் போட்டியின் பரிசு ஜெயித்தவருக்கே.

தராசு நாம்தான் செய்ய வேண்டும்

ஊர்ப் பக்கம் கபடி நோட்டீஸில் "60 கிலோ பிரிவு" என்று போட்டால் ஆட்டத்துக்கு முன் தராசில் ஏற்றிவிடுவார்கள். எவ்வளவு சத்தம் போட்டாலும் முள் நிற்கிற இடம்தான் முடிவு. செஸ்ஸில் "1600க்குக் கீழ்" என்று போட்டி வைக்கிறார்கள், பெயரைப் போட்டால் ரேட்டிங் வந்துவிடும். நம் கடைக்கு அப்படி எதுவும் தயாராகக் கிடையாது. "புதியவர்", "சுமாராக ஆடுபவர்", "நல்ல பிளேயர்" என்றெல்லாம் எழுதினால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக மாற்றுங்கள்.

நாங்கள் இப்போது வைத்திருக்கும் வரையறை இதுதான். கடந்த 24 மாதத்தில் எங்கள் போட்டியிலோ வேறு எங்கேயோ முதல் 4 இடத்துக்குள் வந்தவர் புதியவர் பிரிவில் ஆட முடியாது. புதியவர் பிரிவில் ஒரு தடவை முதல் இரண்டு இடத்துக்குள் வந்தவர் அதற்கப்புறம் எப்போதும் ஓப்பன்தான், அதாவது யார் வேண்டுமானாலும் ஆடும் பிரிவு. கடையிலோ வீட்டிலோ மூன்று வருடத்துக்கு மேல் வாரா வாரம் டெக்கன் ஆடுகிறவர், போட்டிக்கே வராதவராக இருந்தாலும், ஓப்பன். ஆன்லைனில் எந்தக் கதாபாத்திரத்தை வைத்தாவது வாரியர் என்ற தரப் பட்டத்தைத் தொட்டவரும் ஓப்பன். வேறு சண்டை கேமில் பரிசு வாங்கியவரும் அப்படித்தான், ஏனென்றால் தூரம் பார்ப்பது, தடுப்பது, ஸ்டிக் பிடிப்பது எல்லாம் கூடவே வந்துவிடும். இதில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் போதும். ஆன்லைன் பட்டத்தை மட்டும் நம்பி வைக்காதீர்கள், வீட்டில் பிளேஸ்டேஷனும் நல்ல நெட்டும் இருப்பவருக்குத்தான் அது உண்டு. கடையிலேயே டோக்கன் போட்டு வளர்ந்த பையனுக்குப் பட்டமே இருக்காது, அவன் கை பட்டம் வைத்திருப்பவனை அடித்துத் துவைத்துவிடும்.

அது எவ்வளவு பெரிய உண்மை என்பதற்கு 2019ஐ நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தான் லாகூரில் இருந்து டெக்கன் பிளேயர் அர்ஸ்லான் ஆஷ் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த இவோ ஜப்பான் என்ற பெரிய சண்டை கேம் போட்டிக்குப் போனபோது வெளியே பெரும்பாலானோருக்கு அவர் யார் என்றே தெரியாது. ஜெயித்தார். அதே வருடம் ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் இவோவையும் ஜெயித்தார். தன் ஊரில் தன்னைப் போல் ஆடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். வெளியில் பதிவான வெற்றி இல்லை என்பதற்காக ஒருவர் புதியவர் ஆகிவிட மாட்டார். அதனால்தான் "எத்தனை வருடமாக, எங்கே, வாரத்துக்கு எத்தனை நாள்" என்ற கேள்வி படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்று. மேலே ஏறி ஆடலாம், கீழே இறங்கி ஆடக்கூடாது. மூன்று மாதமாக ஆடும் தம்பி ஓப்பனில் ஆட ஆசைப்பட்டால் தாராளமாக விடுங்கள், அவனுக்கு அடி வாங்கிக் கற்றுக்கொள்ளும் உரிமை உண்டு. தடை ஒரு பக்கம் மட்டும்தான். பின்பால் என்ற, உருண்டையைத் தட்டி ஆடும் மெஷின் விளையாட்டில் சர்வதேச அளவில் உலகத் தரவரிசையே வைத்திருக்கிறார்கள், இரண்டாம் பிரிவு வைக்கும் போட்டிகள் தரவரிசையில் மேலே இருப்பவர்களை அதில் சேர்ப்பதில்லை. முறை அதேதான்.

பிரிவே வைக்காமல் பிரிப்பது

மேலே சொன்னது எல்லாம் செய்தாலும் ஓட்டை இருக்கும். எங்களுக்கு இப்போது மிகவும் பிடித்த முறை வேறு: முன்கூட்டியே யாரையும் தரம் பிரிக்காமல், காலையில் எல்லோரையும் கலந்து ஆடவிட்டு, அந்த முடிவை வைத்தே மதியம் பிரிப்பது. யார் புதியவர் என்று நான் தீர்ப்புச் சொல்லவே தேவையில்லை, மெஷின் சொல்லிவிடுகிறது.

24 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 பேர் கொண்ட 6 குழு. குழுவுக்குள் எல்லோரும் எல்லோருடனும், மூன்றில் இரண்டு ஜெயித்தால் செட். ஒரு குழுவுக்கு 6 செட், மொத்தம் 36. ஒரு செட்டுக்குச் சராசரி 8 நிமிடம் என்றால் இரண்டு கேபினெட்டில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். குழுவில் முதல் இரண்டு இடம் வந்த 12 பேர் மேல் பிரிவு, மீதி 12 பேர் கீழ்ப் பிரிவு, இரண்டும் தனித்தனி நாக் அவுட். 12 பேர் நாக் அவுட்டில் 4 பேருக்கு முதல் சுற்றில் பை (bye, ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) கொடுக்க வேண்டியிருக்கும், அதைக் குழுவில் குறைவான ஆட்டம் விட்டவர்களுக்குக் கொடுங்கள், குலுக்கிப் போடாதீர்கள். காலை 11 மணிக்கு ஆரம்பித்தால் டீ, மெஷின் தகராறு எல்லாம் சேர்த்து ஐந்துக்குள் முடித்துவிடலாம், தங்கவயல் பையன்கள் ரயிலைத் தவற விடாமல் இருக்க எங்களுக்கு அந்த நேரம் முக்கியம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், 100 ரூபாய் கட்டிய ஒவ்வொருவருக்கும் குறைந்தது 4 செட் நிச்சயம். ஒன்றுமே தெரியாமல் வந்தவருக்கும் மதியம் தன் தரத்தில் உள்ளவர்களோடு மோதி ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு வெற்றிதான் அவரை அடுத்த போட்டிக்குக் கூட்டி வரும்.

ஆபத்து ஒன்று உண்டு, வேண்டுமென்றே தோற்று கீழே இறங்குவது. மேல் பிரிவில் முதல் சுற்றிலேயே போய்விடுவோம் என்று பயப்படுகிறவருக்கு அந்த ஆசை வரும். இதைக் கண்காணித்துப் பிடிப்பது கஷ்டம், பரிசுத் தொகையால் தடுப்பதுதான் வழி. வசூல் 2400 ரூபாயில் கடைக்கு 400 போக 2000 மிஞ்சினால், நாங்கள் மேல் பிரிவுக்கு 800, 500, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் 250, 250 கொடுக்கிறோம். கீழ்ப் பிரிவில் ஜெயித்தவருக்கு 200. அதாவது கீழே முதலாவது வந்தாலும் மேலே நான்காவது வந்தவரைவிடக் குறைவு. அதோடு மேல் பிரிவுக்குத் தேறிய 12 பேருக்கும் ஆளுக்கு 5 டோக்கன் கடை சார்பில். யாரும் 200 ரூபாய்க்காகக் காலையில் மூன்று செட் தோற்று நண்பர்கள் முன்னால் நிற்க விரும்புவதில்லை. அப்புறம் ஓரமாக நின்று "இவன் ஜெயிப்பான், அவன் ஜெயிப்பான்" என்று காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் உடனே வெளியே அனுப்புங்கள். பந்தயம் நுழைந்த இடத்தில் வேண்டுமென்றே தோற்பதும் கூடவே நுழையும்.

கெட்டியான கையெல்லாம் ஒரே குழுவில் விழுந்துவிட்டால் இந்த முறை கெட்டுப்போகும். அதனால் தெரிந்த 6 நல்ல பிளேயர்களைக் குழுவுக்கு ஒருவராக முதலில் வைத்துவிட்டு, மீதிப் பெயர்களை எல்லோர் கண்முன்னால் ஒரு டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டு எடுங்கள். அண்ணன் தம்பி, ஒரே கடைப் பையன்கள் ஒரே குழுவில் விழுந்தால் ஒரு சீட்டை மட்டும் பக்கத்துக் குழுவுக்கு மாற்றலாம். அதையும் சத்தமாகச் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

நோட்டுப் புத்தகம்

தெரிந்த 6 நல்ல பிளேயர்கள் யார் என்று யார் சொல்வது? நான் சொன்னால் என் நண்பர்களுக்குச் சலுகை என்பார்கள், அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. அதற்குத்தான் 40 பக்க நோட்டு ஒன்றில் எல்லோருக்கும் புள்ளி எழுதி வருகிறோம். அர்பத் இலோ என்ற இயற்பியல் பேராசிரியர் செஸ்ஸுக்காகப் போட்டுக் கொடுத்த கணக்கு, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970ல் எடுத்துக்கொண்டது. அதையே அப்படியே டெக்கனுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் 1500ல் ஆரம்பிப்பார்கள். இருவருக்குள் 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் 64 சதவீதம் ஜெயிப்பார் என்று எதிர்பார்ப்பு, 200 என்றால் 76, 400 என்றால் 91. ஒரு செட் முடிந்ததும் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை 32ஆல் பெருக்கிக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். 1500ல் இருப்பவர் 1700ல் இருப்பவரை ஜெயித்தால் அவருக்கு ஜெயிக்க இருந்த வாய்ப்பு 24 சதவீதம்தான், அதனால் 24 புள்ளி ஏறும், மற்றவருக்கு 24 இறங்கும். தோற்றால் 8 மட்டும் போகும். போன் கால்குலேட்டர் போதும், அல்லது ஒரு எக்செல் ஷீட்டில் ஒரே தடவை போட்டு வைத்தால் அப்புறம் எழுதுவது மட்டும்தான் வேலை.

இந்தப் புள்ளியை மூன்று போட்டிக்கு அப்புறம்தான் நம்ப ஆரம்பியுங்கள், ஒரே நாள் முடிவில் யாரும் சரியான இடத்துக்கு வந்துவிட மாட்டார்கள். அதற்கப்புறம் அது பேசும். எங்கள் கடையில் எப்போதும் மூலையில் நின்று எட்டி கோர்டோ என்ற கதாபாத்திரத்தை எடுத்து உதை பட்டன் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டும் ஒரு அண்ணன் இருக்கிறார், எல்லோரும் அவரைப் புதியவர் என்றுதான் நினைத்தோம், நோட்டில் பார்த்தால் நடுத்தரப் பிளேயர்கள் பாதிப் பேருக்கு மேலே இருந்தார். எட்டியை எடுத்து ஜெயிப்பது ஏமாற்று என்று சொல்லித் தடை கேட்பார்கள், காது கொடுக்காதீர்கள். தடுக்கத் தெரியாததற்கு மருந்து பயிற்சிதான்.

ஆனால் கதாபாத்திரம் பற்றி ஒரு விஷயம் நோட்டீஸிலேயே சொல்லியாக வேண்டும். இப்போதைய டெக்கனில் சில கதாபாத்திரங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கினால்தான் வரும். டெக்கன் 8ல் எட்டியே 2024ல் அப்படித்தான் வந்தார். உங்கள் கடை மெஷினில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடாவிட்டால், ஒருவர் ஒரு வருடம் பழகிய ஆள் இல்லாமல் வந்து நிற்பார், அவரைப் பாதிக் கையோடு ஆட வைத்த மாதிரி.

எத்தனை ஆட்டத்துக்கு எத்தனை

திறமை வித்தியாசம் எவ்வளவு வெளியே தெரியும் என்பது செட்டின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு ஆட்டத்தில் 60 சதவீதம் ஜெயிக்கும் பிளேயர், மூன்றில் இரண்டு என்றால் செட்டை 65 சதவீதம் ஜெயிப்பார், ஐந்தில் மூன்று என்றால் 68, ஏழில் நான்கு என்றால் 71. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது பாருங்கள். அதனால் குழு ஆட்டத்தை ஐந்துக்கு நீட்டி நேரத்தைத் தின்னாதீர்கள், மேல் பிரிவின் அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் ஐந்து போதும். ஒரே ஆட்டத்தில் வெளியே அனுப்புவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

பழைய ஆள் புது ஆளுக்கு விட்டுக்கொடுத்து ஆடும் வழக்கமும் உண்டு: புதியவருக்கு ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும், பழையவர் மூன்றையும் வரிசையாக ஜெயிக்க வேண்டும். 80 சதவீதம் ஜெயிக்கிறவர் மூன்றையும் ஜெயிக்க வாய்ப்பு 51 சதவீதம்தான், ஏறக்குறைய சமமான ஆட்டம். சனிக்கிழமை சாயங்காலம் சும்மா ஆடும்போது இதைவிடச் சுவாரசியம் கிடையாது. காசு வைத்த போட்டியில் மட்டும் வேண்டாம், எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே அடுத்த சண்டையாகிவிடும்.

மெஷின் முதலில் நியாயமாக இருக்கட்டும்

தகுதி, பிரிவு, புள்ளி எல்லாம் சரியாக வைத்துவிட்டு இரண்டாவது கேபினெட்டின் இடது உதை பட்டன் சிக்கிக்கொண்டால் எல்லாம் வீண். போட்டிக்கு முந்தின இரவு கடை மூடிய பிறகு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்டிக்கையும் எட்டுத் திசைக்கும் மெதுவாகச் சுற்றுவேன். உள்ளே மைக்ரோ ஸ்விட்ச் ஒவ்வொரு பக்கமும் "டிக்" என்று ஒரே மாதிரி சத்தம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மந்தமாகக் கேட்டால் அந்தத் திசையில் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதை அன்றைக்கே மாற்றிவிடுவோம். பட்டனை நடுவில் அழுத்தினால் போதாது, ஓரத்திலும் அழுத்திப் பாருங்கள், சிக்குவது ஓரத்தில்தான்.

திரையும் முக்கியம். டெக்கன் விநாடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடுகிறது, ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி, வேகமான குத்து 10 ஃபிரேமில் வந்து விழும். டிவி நான்கு ஃபிரேம் தாமதமாகக் காட்டினால் பதிலடிக்குக் கிடைக்கும் நேரத்தில் பெரிய துண்டு போய்விடும். இருவருக்கும் ஒரே டிவிதானே என்று சொல்லலாம், ஆனால் அதே டிவியில் தினமும் பழகிய கடைப் பையனுக்குக் கை தானாக முந்திக்கொள்ளும், வெளியில் இருந்து வந்தவருக்கு அது புரியவே அரை நாள் ஆகும். இரண்டு டிவியையும் கேம் மோடில் (தாமதத்தைக் குறைக்கும் செட்டிங்) போடுங்கள், முடிந்தால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். வீட்டில் பேட் (கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்) வைத்துப் பழகியவர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் காலையில் அரை மணி நேரம் டோக்கன் இல்லாமல் கை பழக்கிக்கொள்ள விடுங்கள். இடது பக்கமா வலது பக்கமா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.

டான்ஸ் மெஷின் என்றால் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து ஆடலாமா கூடாதா என்பதை நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். பிடித்து ஆடினால் கால் பாரம் குறைந்து வேகம் கூடும். இரண்டும் நியாயம்தான், ஒருவருக்கு ஒன்று மற்றவருக்கு ஒன்று என்று ஆகக்கூடாது, அவ்வளவுதான்.

யார் ஆடலாம்

கடையில் வேலை செய்யும் பையன் ஆடலாமா? இந்தக் கேள்வி எல்லாக் கடையிலும் வரும். இரவு ஷட்டரை இறக்கிய பிறகு அவன் இலவசமாக ஆடுகிறான் என்பது மற்றவர்கள் குறை. ஆனால் அவன் பகல் முழுக்க டோக்கன் எண்ணிக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன், அவனை வெளியே நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. ஓப்பனில் மட்டும் ஆடலாம், சீட்டு எடுப்பதிலும் ஸ்கோர் எழுதுவதிலும் கை வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டோம். போட்டி நடத்தும் நாங்கள் மூவரும் பரிசுக்கு ஆடுவதில்லை.

வயதை வைத்துப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 13 வயதுப் பையன் 30 வயதுக்காரரைத் தோற்கடிப்பதை வாரா வாரம் பார்க்கிறேன். 18 வயதுக்குக் கீழே இருந்தால் வீட்டில் ஒருவருடைய போன் நம்பரும் சம்மதமும் வாங்குங்கள், ஆனால் அது பாதுகாப்புக்காக. பெண்களுக்குத் தனிப் பிரிவு வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வருகிற பெண்களையே கேளுங்கள். எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே போட்டியில் ஆடத்தான் கேட்டார்கள், கூடவே அவர்கள் கேட்டது சீக்கிரம் முடியும் நேரம், கெட்ட வார்த்தை இல்லாத கூட்டம். அதைச் செய்து கொடுத்தோம்.

புகார் வந்தால்

ஒருவருடைய தகுதியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அவருடைய குழுவின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டும், பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். இதற்காகவே எல்லோருடைய படிவத்தையும், போன் நம்பரை மறைத்துவிட்டு, காலை 10 மணிக்குச் சுவரில் ஒட்டுகிறோம். புகார் வந்தால் அந்தக் குழுவில் இல்லாத மூன்று பேர் பத்து நிமிடத்தில் முடிவு சொல்வார்கள், சம்பந்தப்பட்டவரை வைத்துக்கொண்டு, அவர் பேசவும் விட்டு.

ஆட்டம் தொடங்கிய பிறகு ஒரே ஒரு காரணத்துக்குத்தான் ஆளை நீக்கலாம்: படிவத்தில் எழுதியது பொய் என்று தெரிந்தால். வேறு பெயரில் வந்திருக்கிறார், போன வருடம் வாங்கிய பரிசை மறைத்திருக்கிறார், அந்த மாதிரி. அப்போது கட்டணம் திரும்பக் கிடையாது, அவர் இடத்துக்கு அடுத்தவர் ஏறுவார், நோட்டில் அந்த ஆட்டங்கள் எழுதப்படாது. "ரொம்ப நல்லா ஆடுறான்" என்பது புகார் ஆகாது. கூட்டம் எவ்வளவு கத்தினாலும் ஆகாது. இதை நோட்டீஸின் கடைசி வரியாகக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம், சண்டை வந்தால் விரலை அதில் வைத்துக் காட்டிவிடுவேன்.

போட்டி முடிந்த அன்று இரவே நோட்டை எழுதி, பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போனால் ஞாபகத்தில் இருக்கும் ஸ்கோர் மாறிவிடும். புதியவர் பிரிவில் இருந்து மேலே ஏறியவர்களுக்கு நானே தனியாகப் போன் செய்து சொல்கிறேன், அடுத்த நோட்டீஸைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்தத் தங்கவயல் பையனுக்கும் அப்படித்தான் பேசினேன், முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு. அடுத்த போட்டிக்கு ஓப்பனில் வந்தான், காலிறுதியில் தோற்றான், தன்னைத் தோற்கடித்த மர்பி டவுன் அண்ணனோடு அடுத்த ரயில் நேரம் வரைக்கும் அதே கேபினெட்டில் நின்று ஆடிக்கொண்டிருந்தான்.